யாவ்னேயைக் கேட்டவர்: யோகனான் பென் சக்காயின் வாழ்வும் போதனையும்

கி.பி. 70ஆம் ஆண்டின் கோடையில் ரோமப் படை எருசலேம் ஆலயத்தை எரித்தபோது, யூத சமயத்தின் நடைமுறைகளில் பெரும்பகுதி செய்ய முடியாததாகிவிட்டது. காலையிலும் மாலையிலும் பலி செலுத்த ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அந்த இடம் சாம்பலாயிற்று. பாவநிவிர்த்தி நாளன்று பிரதான ஆசாரியர் ஆலயத்தின் உள்ளறைக்குள் தனியே நுழைந்து மக்கள் அனைவருக்காகவும் மன்னிப்பு வேண்டுவார். இனி நுழைவதற்கு அறை இல்லை. ஆண்டுக்கு மூன்று பண்டிகைகளுக்குக் கால்நடையாக வந்து குவிந்த மக்கள் இனி எங்கே போவார்கள், மாதப் பிறப்பை அறிவிக்கும் நீதிமன்றம் எங்கே கூடும், பலியில்லாமல் பாவம் எப்படித் தீரும் என்ற கேள்விகள் ஒரே நேரத்தில் எழுந்தன. அவற்றுக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் என்று யூத மரபு சுட்டுவது யோகனான் பென் சக்காய் என்ற ஆசானை. ‘நம் ஆசான்’ என்று பொருள்படும் ‘ரப்பான்’ என்ற பட்டத்தை அவர் பெயருக்கு முன்னால் சேர்த்தே அந்த மரபு அவரைக் குறிப்பிடுகிறது.

அவரைப் பற்றி எழுதுவோர் தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் தம் கையால் எழுதிய வரி ஒன்றுகூட நம்மிடம் இல்லை. ரோமரோடு நடந்த அந்தப் போரை நேரில் கண்டு விரிவாக எழுதிய யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் அவர் பெயரைக் குறிப்பிடவே இல்லை. அவரைப் பற்றிய செய்திகள் கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் திரட்டான மிஷ்னாவிலும், அதன்மேல் பல தலைமுறைகள் வளர்ந்த விவாத உரைகளான தல்மூதுகளிலும், விளக்கத் திரட்டுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. மிஷ்னாவில் உள்ள சட்டத் தீர்ப்புகள் ஒப்புநோக்க உறுதியானவை; தல்மூதின் கதைகள் மாணவர் வாயிலிருந்து மாணவர் வாய்க்கு வந்தவை. இரண்டையும் ஒரே எடையில் வைக்கக் கூடாது. ஆனால் கதை என்பதற்காகத் தள்ளிவிடவும் கூடாது. ஒரு சமூகம் தன் ஆசானை எப்படி நினைவில் வைத்துக்கொண்டது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதிதான்.

மரபின்படி அவர், முந்திய தலைமுறையின் பேராசானான ஹில்லேலின் மாணவர். ஹில்லேலுக்கு எண்பது மாணவர்கள் இருந்தார்கள் என்றும், அவர்களில் எல்லோரிலும் சிறியவர் யோகனான் என்றும் தல்மூத் சொல்கிறது. பிறகு அதே பகுதி, அந்தச் ‘சிறியவர்’ அறியாத துறையே இல்லை என்று நீண்ட பட்டியலிடுகிறது. மாணவரின் உயரத்தைக் கொண்டு ஆசிரியரின் உயரத்தை அளந்து காட்டும் அழகான வழி அது. நாற்பது ஆண்டு வணிகம், நாற்பது ஆண்டு படிப்பு, நாற்பது ஆண்டு போதனை என்று அவருக்கு 120 வயது கொடுக்கப்படுகிறது. மோசேக்கும் ஹில்லேலுக்கும் பின்னாளில் ஆசான் அகிவாவுக்கும் இதே கணக்கு சொல்லப்படுவதால், இதை வயதுக் கணக்காகக் கொள்ளாமல் மரியாதையின் அளவாகவே கொள்ள வேண்டும். தெருவில் எதிர்ப்பட்டவர் யாராயினும், சந்தையில் வரும் அந்நிய இனத்தவராயினும், அவருக்கு முன் இவரே வணக்கம் சொல்லிவிடுவார் என்ற ஒரு சிறு குறிப்பும் உண்டு. எனக்கு அந்தப் பெரிய எண்களைவிட இந்தச் சிறு குறிப்பில்தான் மனிதர் தெரிகிறார்.

கலிலேயாவில் அராவ் என்ற ஊரில் அவர் பதினெட்டு ஆண்டுகள் இருந்ததாகவும், அத்தனை ஆண்டுகளில் அவரிடம் சட்டம் கேட்டு வந்த வழக்குகள் இரண்டே என்றும் எருசலேம் தல்மூத் கூறுகிறது. ‘கலிலேயாவே, கலிலேயாவே, நீ தோராவை (வேதச் சட்டத்தை) வெறுத்தாய்’ என்று அவர் மனம் நொந்தாராம். அந்த ஊரிலேயே ஹனினா பென் தோசா என்ற எளிய பக்தர் வாழ்ந்தார். யோகனானின் மகன் நோயுற்றபோது ஹனினா முழங்கால்களுக்கிடையில் தலையைக் கவிழ்த்து வேண்டினார், பிள்ளை பிழைத்தான். நான் நாள் முழுதும் அப்படிக் கிடந்திருந்தாலும் என்னைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள் என்றார் யோகனான். “அப்படியானால் ஹனினா உங்களைவிடப் பெரியவரா?” என்று அவர் மனைவி கேட்டார். “இல்லை, அவர் அரசன் முன் வேலைக்காரனைப் போன்றவர், நான் அரசன் முன் பிரபுவைப் போன்றவன்” என்பது விடை. வேலைக்காரன் எந்த நேரமும் உள்ளே போய் வரலாம். பிரபுவுக்கு அழைப்பு வேண்டும். தம் வழி எது, தமக்கு இயலாதது எது என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்த ஒருவரிடம்தான் பின்னர் அந்தப் பெரிய பொறுப்பு வந்து சேர்ந்தது.

ஆலயம் நின்ற நாட்களிலேயே அவர் எருசலேமில், வாய்மொழி மரபையும் ஏற்ற பரிசேயரின் தரப்பில் நின்று, ஆசாரியக் குடும்பங்களோடு நெருங்கிய சதுசேயரோடு வாதாடினார். அக்காலத்தோடு மிஷ்னா அவரை இணைக்கும் ஒரு தீர்ப்பு இங்கே முக்கியமானது. மனைவியின் கற்பை ஐயுறும் கணவன் அவளை ஆலயத்துக்கு அழைத்துவந்தால், ஆசாரியர் அவளுக்குக் கசப்பான நீரைக் குடிக்கக் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது எண்ணாகமத்தின் விதி. விபசாரம் பெருகியபோது யோகனான் அந்தச் சோதனையை நிறுத்திவிட்டார். அதற்கு அவர் ஆதாரமாகக் கொண்டது ஓசியா தீர்க்கதரிசியின் சொல்: ஆண்களே வேசியரோடு ஒதுங்கிப் போகும்போது உங்கள் மகள்களையும் மருமகள்களையும் நான் தண்டிக்க மாட்டேன். வேதத்தில் எழுதப்பட்ட ஒரு சடங்கை, அதே வேதத்தின் இன்னொரு குரலைக் கொண்டு நிறுத்தும் துணிவு இது. ஓசியாவை அவர் மீண்டும் ஒருமுறை எடுப்பார். அது ஆலயம் எரிந்த பிறகு.

கி.பி. 66இல் ரோம ஆட்சிக்கு எதிராகக் கலகம் மூண்டது. எருசலேமுக்குள்ளேயே போராளிக் குழுக்கள் ஒன்றோடொன்று மோதின. நகரின் தானியக் கிடங்குகள் எரிக்கப்பட்டதை ஜோசிபஸும் சொல்கிறார், தல்மூதும் சொல்கிறது. மூன்று செல்வந்தர்கள் இருபத்தொரு ஆண்டுகளுக்குப் போதுமான உணவைச் சேர்த்து வைத்திருந்தார்கள் என்றும், மக்களைப் போருக்கு நெட்டித்தள்ளுவதற்காகப் போராளிகள் அதைக் கொளுத்தினார்கள் என்றும் தல்மூத் விவரிக்கிறது. அந்தப் போராளிகளின் தலைவன் அப்பா சிக்ரா யோகனானின் சகோதரி மகன். மருமகனை இரகசியமாக அழைத்து, “எத்தனை நாள் மக்களைப் பட்டினியால் கொல்வாய்?” என்று கேட்டார் அவர். நான் வேறு ஏதாவது சொன்னால் என்னையே கொன்றுவிடுவார்கள் என்றான் அவன். “அப்படியானால் நான் வெளியேற வழி சொல், சிறிதாவது காப்பாற்றலாம்” என்றார் இவர்.

நோயாளியைப் போலப் படுத்துக்கொள்ளுங்கள், ஊரார் வந்து பார்க்கட்டும், பிறகு இறந்துவிட்டதாகச் செய்தி பரவட்டும் என்று மருமகனே வழி சொன்னான். மாணவர்களான எலியேசரும் யோசுவாவும் பாடையைச் சுமந்தார்கள். வாசலில் காவலர்கள் சடலத்தை ஈட்டியால் குத்திப் பார்க்க முனைந்தபோது, ‘தங்கள் ஆசானையே குத்தினார்கள் என்று ரோமர்கள் சொல்வார்கள்’ என்று தடுக்கப்பட்டார்கள். தள்ளிப் பார்க்க முனைந்தபோதும் அதே விடை. வாசல் திறந்தது.

ரோமத் தளபதி வெஸ்பாசியன் முன் நின்று, “அரசே, உமக்குச் சமாதானம்” என்றார் யோகனான். அரசனல்லாத என்னை அரசன் என்றதற்கு ஒரு மரணம், அரசன் என்றால் இதுவரை வராததற்கு இன்னொரு மரணம் என்றான் தளபதி. லெபனான் வல்லவன் ஒருவனால் விழும் என்ற ஏசாயாவின் வாக்கை எடுத்துக்காட்டி, லெபனான் என்றது ஆலயத்தை, வல்லவன் என்றது அரசனை, ஆகவே ஆலயத்தை வீழ்த்துபவன் அரசனாகத்தான் இருக்க முடியும் என்றார் இவர். அப்போது தளபதி கேட்டான்: “தேன் குடத்தைப் பாம்பு சுற்றியிருந்தால், பாம்புக்காகக் குடத்தை உடைக்க மாட்டார்களா?” குடம் என்றது நகரை, பாம்பு என்றது போராளிகளை. யோகனான் வாயடைத்து நின்றார். சற்று நேரத்தில் ரோமிலிருந்து தூதன் வந்தான். பேரரசர் இறந்துவிட்டார், புதிய பேரரசர் வெஸ்பாசியன். புறப்படும் முன் அவன் ஒரு வரம் கேட்கச் சொன்னான். யோகனான் கேட்டவை மூன்று: யாவ்னே என்ற ஊரும் அதன் அறிஞர்களும், யூதரின் தலைமையை வகித்த ரப்பான் கமாலியேலின் குடும்பத் தொடர்ச்சி, ஆலயம் பிழைக்க நாற்பது ஆண்டுகள் நோன்பிருந்து நைந்துபோன ரப்பி சாதோக்கைக் குணப்படுத்த மருத்துவர்கள்.

இதை அப்படியே நடந்த நிகழ்ச்சியாகக் கொள்ள முடியாது. நீரோ இறந்தது 68இல். வெஸ்பாசியனைப் படைகள் பேரரசனாக அறிவித்தது 69 ஜூலையில். இடையில் மூவர் அரியணை ஏறினார்கள். 70இல் எருசலேமை முற்றுகையிட்டவன் அவன் மகன் டைட்டஸ். மேலும், ‘நீர் பேரரசர் ஆவீர்’ என்ற அதே முன்னறிவிப்பை 67இல் சரணடைந்தபோது தாமே வெஸ்பாசியனிடம் சொன்னதாக ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். வேறு திரட்டுகளிலும் இக்கதை மாறுபட்ட வடிவங்களில் உண்டு. இன்னொரு செய்தியும் இருக்கிறது: சரணடைந்த யூதர்களை வெஸ்பாசியன் யாவ்னேயிலும் லித்தாவிலும் குடியேற்றினான் என்று ஜோசிபஸ் குறிப்பிடுகிறார். ஆகவே யாவ்னே கேட்டுப் பெற்ற வரமாக இல்லாமல், ரோமர்கள் கொண்டுபோய் இருத்திய இடமாகவே இருந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. நகர் விழும் முன் அவர் வெளியேறினார், யாவ்னேயில் தங்கினார் என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல இடமில்லை. தோற்றவர்களைத் தங்கவைத்த ஓர் ஊரில் பள்ளி உருவானது என்றால், அதை உருவாக்கியவரின் பெருமை அதனால் குறையவில்லை.

ஆனால் தல்மூத் இந்தக் கதையைச் சொல்லும் முறையைக் கவனிக்க வேண்டும். தன் நாயகனை அது காப்பாற்ற முயலவில்லை. தேன் குடத்துக் கேள்விக்கு அவர் சொல்லியிருக்க வேண்டிய விடையை அது இடையில் நுழைந்து சொல்கிறது: இடுக்கியால் பாம்பை எடுத்துக் கொன்றுவிட்டுக் குடத்தை விட்டுவிடலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வரம் கேட்ட இடத்திலும் குறுக்கிடுகிறது: இந்த முறை நகரை விட்டுவிடு என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? இந்தக் கண்டனத்தைச் சொன்னவர் ரப்பி யோசேப்பு, அல்லது ரப்பி அகிவா என்று குறிக்கப்படுகிறது. ஞானிகளைப் பின்னிட்டுத் திரும்பச்செய்து அவர்கள் அறிவைப் பைத்தியமாக்குகிறார் என்ற ஏசாயாவின் கடுமையான வசனத்தை அவர்மேல் பொருத்துகிறார்கள். யோகனானின் சார்பில் ஒரே வாக்கியம்தான் பதிவாகியிருக்கிறது: அவ்வளவு பெரியதைத் தர மாட்டான், அப்போது சிறிதளவும் மிஞ்சாது என்று அவர் நினைத்தார். அதிகம் கேட்டால் ஒன்றும் கிடைக்காத வேளையில் எவ்வளவு கேட்பது என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்தில் தீர்ப்பு எழுதப்படவில்லை.

யாவ்னேயில் அவர் செய்த வேலை வெளிப்பார்வைக்குச் சிறியது. தல்மூத் அவர் பெயரில் ஒன்பது ஏற்பாடுகளை எண்ணுகிறது. கூடாரப் பண்டிகையின்போது பேரீச்சங்குருத்தை ஏழு நாளும் கையில் ஏந்துவது ஆலயத்தில் மட்டும்தான். வெளியூர்களில் ஒரு நாள். ஆலயம் அழிந்தபின், அதன் நினைவாக எல்லா ஊர்களிலும் ஏழு நாளும் ஏந்த வேண்டும் என்று அவர் விதித்தார். ஆசீர்வாதம் சொல்ல மேடையேறும் ஆசாரியர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும் என்பது இன்னொன்று. மாதப் பிறப்பைக் கண்ட சாட்சிகள் தாமதமாக வந்ததால் ஆலயத்தில் லேவியர் பாடும் பாட்டில் ஒருமுறை குழப்பம் நேர்ந்தது. அதிலிருந்து மாலைப்பலிக்குப் பின் வரும் சாட்சியை ஏற்பதில்லை என்றொரு வரம்பு இருந்தது. இனிப் பாட்டே இல்லையாதலால், நாள் முழுதும் சாட்சியை ஏற்கலாம் என்று அவர் அறிவித்தார். ஆலயத்தின் வழக்கங்களில் எதை நினைவுக்காகக் காக்க வேண்டும், எது ஆலயத்தோடு போய்விட்டது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் பொறுமை இந்த விதிகளில் தெரிகிறது.

இவற்றில் ஒன்றுக்குக் கதையும் உண்டு. புத்தாண்டு நாள் ஓய்வுநாளில் வந்தால், ஆட்டுக்கடாக் கொம்பை ஆலயத்தில் மட்டுமே ஊதுவார்கள். யாவ்னேயில் அப்படி ஒரு புத்தாண்டு வந்தது. பல ஊர்களிலிருந்து மக்கள் கூடியிருந்தார்கள். “ஊதுவோம்” என்றார் யோகனான். பெத்தேரா குடும்பத்து மூத்தவர்கள், முதலில் கலந்து பேசுவோம் என்றார்கள். “ஊதிவிட்டுப் பேசுவோம்” என்றார் அவர். ஊதியான பிறகு அவர்கள் விவாதத்துக்கு அழைக்க, “யாவ்னேயில் கொம்பு ஒலித்துவிட்டது, நடந்து முடிந்த செயலுக்குப் பின் மறுப்பு இல்லை” என்று முடித்துவிட்டார். நீதிமன்றம் கூடும் இடத்தில் இனி ஓய்வுநாளிலும் ஊதலாம் என்பது விதியாயிற்று. வாதத்திலேயே வாழ்ந்த ஒருவர், அன்று கூடி நின்ற மக்களுக்கு விவாதத்தைவிட அந்த ஒலிதான் தேவை என்று கண்டுகொண்டார். எருசலேமுக்கு மட்டுமே உரியதாக இருந்த ஓர் உரிமை, அந்த ஒலியோடு ஒரு சிற்றூருக்கு மாறியது.

பாவம் எப்படித் தீரும் என்ற கேள்வி சட்டத்தால் மட்டும் தீரக்கூடியதன்று. ஒருமுறை எருசலேமிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தபோது, பின்னால் வந்த யோசுவா இடிபாடுகளைப் பார்த்து, “இஸ்ரவேலின் பாவங்கள் தீர்ந்த இடம் பாழாகிக் கிடக்கிறதே, ஐயோ!” என்று கதறினார். “என் மகனே, வருந்தாதே. அதற்கு இணையான நிவிர்த்தி நமக்கு இன்னொன்று உண்டு. அதுதான் இரக்கச் செயல்” என்றார் யோகனான். அதற்கு அவர் காட்டியது ஓசியாவின் சொல்: பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன். மணமக்களை மகிழ்விப்பது, இறந்தவரைச் சுமப்பது, துயரத்தில் இருப்பவரைத் தேற்றுவது, ஏழைக்குக் கொடுப்பது ஆகியவை எந்த ஊரிலும், ஆசாரியர் இல்லாமலும் செய்யக்கூடியவை. பலிபீடம் இருந்த நாளிலேயே அறமாக இருந்தவற்றை, பலிபீடத்தின் இடத்துக்கே அவர் உயர்த்தினார்.

அந்தச் சொல்லை எளிய ஆறுதலாக வாசிக்கத் தோன்றும்போது இன்னொரு காட்சியையும் நினைவில் கொள்வது நல்லது. கழுதைமேல் போய்க்கொண்டிருந்த அவர், அரபியரின் கால்நடைகள் இட்ட சாணத்திலிருந்து ஓர் இளம்பெண் வாற்கோதுமை மணிகளைப் பொறுக்குவதைக் கண்டார். எருசலேமின் பெருஞ்செல்வரான நக்திமோன் பென் கோரியோனின் மகள் அவள். அவளுடைய திருமணப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்திட்டவர் யோகனானே. தந்தை வீட்டிலிருந்து மட்டும் அதில் பத்து இலட்சம் பொற்காசு எழுதப்பட்டிருந்ததை அவர் மாணவர்களிடம் சொல்லி அழுதார். அறத்தை நிவிர்த்தியாகப் போதித்தவர், அறம் தேவைப்படும் மனிதர்களுக்கு நடுவில்தான் நடந்துகொண்டிருந்தார்.

வேதத்தை வாசிப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது; விதியின் உள்ளே மனிதருக்கான அக்கறையைத் தேடுவது. மாட்டைத் திருடி விற்றவன் ஐந்து மடங்கும், ஆட்டைத் திருடி விற்றவன் நான்கு மடங்கும் ஈடுகட்ட வேண்டும். ஏன் இந்த வேறுபாடு? மாடு தன் காலில் நடந்து போனது. ஆட்டைத் திருடன் தோளில் சுமந்து போனான். அந்த அவமானத்துக்காக அவனுக்குச் சற்றுக் குறைத்தார்கள், மனித மானம் எவ்வளவு பெரியது பாருங்கள் என்றார் யோகனான். திருடனுக்கும் மானம் உண்டு என்பதை ஒரு தண்டனை விதியிலிருந்து அவர் எடுத்துக்காட்டினார். அதே முறையில், பலிபீடக் கற்களின்மேல் இரும்பு படக்கூடாது என்ற கட்டளைக்கும் விளக்கம் சொன்னார். பார்க்காத, கேட்காத, பேசாத கற்கள். ஆனாலும் மக்களுக்கும் பரலோகத் தந்தைக்கும் இடையில் சமாதானம் உண்டாக்குவதால் அவற்றின்மேல் இரும்பை ஓங்கக் கூடாது. அப்படியானால் கணவனுக்கும் மனைவிக்கும், ஊருக்கும் ஊருக்கும், நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையில் சமாதானம் செய்பவனுக்குத் தீங்கு வராதிருப்பது எவ்வளவு உறுதி! ரோம வாள்களின் நிழலில் வாழ்ந்தவரின் வாயில் அந்த ‘நாட்டுக்கும் நாட்டுக்கும்’ என்ற சொல் கனமானது.

மிஷ்னா அவருடைய ஐந்து மாணவர்களின் பெயரைத் தருகிறது. எலியேசர் ஒரு துளியும் கசியாத காரை பூசிய தொட்டி. எலியாசார் பென் அராக் பெருகிக்கொண்டே இருக்கும் ஊற்று. மனிதன் பற்றிக்கொள்ள வேண்டிய நல்வழி எது என்று பார்த்து வரும்படி ஐவரையும் அவர் அனுப்பினார். நல்ல கண், நல்ல தோழன், நல்ல அயலான், வருவதை முன்னறிதல் என்று நால்வர் சொல்ல, எலியாசார் ‘நல்ல உள்ளம்’ என்றார். உங்கள் எல்லோருடைய சொல்லும் இவன் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது என்று ஆசான் அதையே தேர்ந்தார். அந்த எலியாசார்தான் பின்னாளில் மற்றவர்களோடு யாவ்னேக்குப் போகாமல், நல்ல நீருள்ள இனிய ஊரொன்றில் தனியே தங்கிக் கற்றதை மறந்துபோனார். திரும்பி வந்து வேதச்சுருளை வாசித்தபோது, ‘இந்த மாதம் உங்களுக்கு’ என்ற சொற்களை எழுத்து மயங்கி, ‘அவர்கள் இதயம் செவிடாயிற்று’ என்று வாசித்துவிட்டாராம். தனியே இருந்த ஊற்று வற்றிப்போனது. பள்ளியில் இருந்த எலியேசரும் யோசுவாவும் அகிவாவுக்கு ஆசிரியர்களானார்கள். பலியில்லாத காலத்தில் இறைச்சியும் திராட்சரசமும் வேண்டாம் என்று துறந்தவர்களிடம் யோசுவா பேசியதில் அவருடைய ஆசானின் குரல் கேட்கிறது. துக்கமே கொண்டாடாமல் இருக்கவும் முடியாது, அளவுக்கு மீறித் துக்கம் காக்கவும் முடியாது. வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசும்போது சிறிது இடத்தைப் பூசாமல் விடுங்கள், போதும் என்றார் அவர்.

தம் காலத்து மீட்பர் எதிர்பார்ப்புகள் எங்கே கொண்டுவிட்டன என்று கண்ட யோகனான் சொன்ன ஒரு வாக்கு உண்டு: உன் கையில் நாற்று இருக்கும்போது, ‘இதோ மேசியா’ என்று யாரேனும் சொன்னால், முதலில் நாற்றை நடு, பிறகு போய் அவரை வரவேற்றுக்கொள். தோராவை நிறையக் கற்றாயானால் அதைப் பெருமையாகக் கொள்ளாதே, அதற்காகவே நீ படைக்கப்பட்டாய் என்பதும் அவர் சொன்னதே.

அவர் இறுதிப் படுக்கையில் இருந்தபோது மாணவர்கள் வந்தார்கள். அவர்களைக் கண்டதும் அழத் தொடங்கினார். “இஸ்ரவேலின் விளக்கே, வலப்புறத் தூணே, வலிய சம்மட்டியே, ஏன் அழுகிறீர்கள்?” என்று கேட்டார்கள். இன்று இருந்து நாளை கல்லறைக்குப் போகும் மனித அரசன் முன் நிறுத்தினாலே நான் அழுவேன். இப்போது என்றும் வாழும் அரசர் முன் போகிறேன். எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஏதேனுக்கு, மற்றது நரகத்துக்கு. எந்த வழியில் என்னைக் கொண்டுபோகிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்றார். இவ்வளவு கற்ற ஒருவருக்கு எதற்கு இந்த ஐயம்? வெஸ்பாசியன் முன் அவர் கேட்டதையும் கேட்காமல் விட்டதையும் நினைத்துப் பார்த்தால், அந்த இரண்டு வழிகள் எனக்கு வேறு பொருளும் தருகின்றன. பள்ளியைக் காத்தவர் ஆலயத்தைக் கேட்காமல் விட்டவரும்கூட. தாம் செய்தது சரியா என்று அவர் கடைசிவரை உறுதி செய்துகொள்ள முடியவில்லை என்றே நான் வாசிக்கிறேன்.

எங்களை ஆசீர்வதியுங்கள் என்றார்கள் மாணவர்கள். “மனிதருக்கு நீங்கள் அஞ்சும் அளவு பரலோகத்துக்கும் அஞ்சுவீர்களாக” என்றார். அவ்வளவுதானா என்று கேட்டார்கள். அவ்வளவாவது இருந்தால் போதுமே, தவறு செய்பவன் ‘யாரும் பார்த்துவிடக் கூடாது’ என்றுதானே நினைக்கிறான் என்றார். பிறகு உயிர் பிரியும் நேரத்தில், தீட்டுப்படாமல் இருக்கப் பாத்திரங்களை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தச் சொன்னார். “யூதாவின் அரசன் எசேக்கியா வருகிறார், அவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்” என்றார். ஏழு நூற்றாண்டுகளுக்கும் முன்னால், அசீரியப் படை சூழ்ந்து நின்றும் எருசலேம் வீழாமல் தப்பியது எசேக்கியாவின் காலத்தில்தான்.